தலைக்காயமும் அறுவை மருத்துவமும்

சாலை விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவர் சிறிது நேரம் தெளிவாகப் பேசியிருந்து, பின்னர் நினைவிழப்பதுண்டு. மண்டையோட்டிற்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே குருதி கசிந்து கட்டியாவதே இதற்குக் காரணமாகும். பேசுகிறாரே என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் அந்த இடைவேளையே மருத்துவருக்குக் கிடைக்கும் பொன்னான நேரம். கட்டி 30 கன சென்டிமீட்டரைத் தாண்டின், மண்டையோட்டைத் திறந்து அதனை அகற்றுவதே ஏற்கப்பட்ட முறை.

கொல்கத்தாவில் சேட் சுக்லால் கர்னானி நினைவு மருத்துவமனையும் அதனோடு இணைந்த பாங்கூர் நரம்பியல் கழகமும் இவ்வறுவையைச் செய்கின்றன. ஆனால் சுந்தரவனத் தீவிலிருந்து வருபவர் முதலில் படகேறியாக வேண்டுமே! விபத்துக்குள்ளானவரை நல்லெண்ணத்துடன் மருத்துவமனையில் சேர்ப்போருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு அளித்துள்ளது.

மூளையே வீங்கிவிடின் நிலைமை கடினம். அப்போது மண்டையோட்டின் ஒரு பகுதியை நீக்கி அழுத்தத்தைத் தணிப்பர். 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், ஆறு மாதங்களுக்குள் இவ்வறுவை பெற்றோரில் 26.9 விழுக்காட்டினரும், மருந்துவழிச் சிகிச்சைப் பிரிவினரில் 48.9 விழுக்காட்டினரும் மாண்டனர். எனினும் உணர்வற்ற நிலையில் எஞ்சியோர் முறையே 8.5, 2.1 விழுக்காட்டினர். ஒப்புதல் கேட்குமுன் உறவினருக்கு இவ்விரு கணக்கும் சொல்லப்படுதல் வேண்டும்.

நீக்கிய எலும்பை உறைகுளிரிலோ, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயோ பாதுகாப்பர். பின்னது செலவற்ற வழி. வீக்கம் வடிந்தபின் அது மீண்டும் பொருத்தப்படுகின்றது.