சீரகம் மென்ற சிறுமி

நிகிதா லால்வானியின் ‘கிஃப்டட்’ நாவலில் பாதியை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். மீதிப் பாதியைப் படிக்கப் படிக்க மனம் சோர்ந்துபோனது.

கதை 1980களின் கார்டிஃப் நகரில் நடக்கிறது. அங்கே குடியேறிய இந்தியக் குடும்பத்தின் மகள் ரூமி வாசி. கணக்கில் இவள் அபூர்வக் குழந்தை என்று பள்ளி ஆசிரியை சொல்லிவிடுகிறார். கணிதம் கற்பிக்கும் அப்பா மகேஷ் அதோடு வீட்டையே தேர்வுக்கூடமாக மாற்றிவிடுகிறார். பள்ளி விட்டதும் நூலகம், மணிக்கணக்கில் பயிற்சி. வயதுக்கு முந்தியே மகளை ஆக்ஸ்ஃபோர்டில் சேர்த்துவிட வேண்டும் என்பதே அவர் குறி. அம்மா ஷ்ரீனின் மனமோ இன்னும் இந்தியாவிலேயே இருக்கிறது.

ரூமி சீரகம் தின்கிறாள். நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே சீரகம்தான். வெறும் வாயில் அள்ளிப் போட்டு மென்றுகொண்டே இருக்கிறாள், நிறுத்த முடியவில்லை. விளையாட்டும் தோழமையும் மறுக்கப்பட்ட பிள்ளையின் பசியை இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் பக்கங்களில் லால்வானி அசல் எழுத்தாளர்.

இவ்வளவு நெருங்கி வந்தவர் கைநழுவ விட்டாரே என்பதுதான் என் ஆதங்கம். தொடக்கத்தில் எண்கள் ரூமிக்குத் துணையாக இருக்கின்றன. கதை வளர வளர அவை வெறும் தண்டனையாகிவிடுகின்றன. ஒரு கணக்குக்கு விடை கிடைக்கும்போது அந்தக் குழந்தைக்குள் என்ன மலர்கிறது? மேதைக் குழந்தையைப் பற்றிய நாவலில் நான் தேடியது அதைத்தான். அது இல்லாததால் அவளுடைய கலகமும் கண்டிப்பான தகப்பனை எதிர்க்கும் எந்தப் பெண்ணின் கலகமாகவும் இருந்துவிடலாம் என்றாகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பகுதி அவசரமாக ஓடுகிறது. மகேஷின் அச்சங்களைக் காட்டத் தொடங்கியவர், கடைசியில் அவரை வெறும் கொடுமைக்காரராக நிறுத்திவிடுகிறார்.

நிஜ வாழ்க்கை இதைவிடச் சிக்கலானது. கணித மேதைச் சிறுமியாக அறியப்பட்ட ரூத் லாரன்ஸ் 1983இல் 12 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். அப்பா கூடவே வகுப்புகளுக்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில் பட்டம் பெற்ற ரூத், பின்னாளில் ஜெருசலேமில் கணிதப் பேராசிரியரானார். கணிதம் அவரை விட்டுப் போகவில்லை. அப்படியொரு பிடிப்பு ரூமிக்கு இருந்ததா, இல்லையா என்பதை நாவல் கேட்கவே இல்லை.

2007 புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்ற நூல் இது. 2008இல் முதல் டெஸ்மண்ட் எலியட் பரிசையும் வென்றது. பரிசுத் தொகை 10,000 பவுண்டை லால்வானி ‘லிபர்ட்டி’ என்ற மனித உரிமை அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் நாவல் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. அந்த முதல் பாதிக்காகவாவது வாங்கிப் படியுங்கள்.