பால்கனியில் தைம் வளருமா?

"தண்ணி ஊத்தாமக் கொன்னுட்டியா?" என்றார் அம்மா. ஊற்றி ஊற்றித்தான் கொன்றேன்! பாயான் பாரு அடுக்குமாடி வீட்டில், ஒரே ஆண்டில் இரண்டு தைம் செடிகள் போயின.

தைம் மத்தியதரைக் கடலோரச் செடி. கல்லும் சுண்ணாம்பும் நிறைந்த வறண்ட சரிவுகளில் வளர்வது. பினாங்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை; ஈரக்காற்றும் மழையும்தான் அதற்குப் பகை. பாக்கெட்டில் விற்கும் கறுப்பு மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வேர் அழுகும்.

மூன்றாவது செடிக்கு அந்த மண் பாதிதான். மீதி, கழுவிய ஆற்று மணலும் பெர்லைட்டும். கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள், உப்பு. துளையுள்ள சுட்டமண் தொட்டி நல்லது. அடித்தட்டில் நீர் தேங்கினால் வேருக்குக் கேடு, ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம். விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

இடம்? தினம் ஆறு மணி நேர வெயில் இருந்தால் உத்தமம். நாம் பூமத்தியரேகைக்கு 5 பாகை வடக்கே இருப்பதால், ஜூனில் சூரியன் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே. அதனால் வடக்கு, தெற்குப் பால்கனிகளுக்கு ஆண்டு முழுக்க நேர்வெயில் கிடையாது. என் தேர்வு கிழக்கு. கம்பியோரமாக, ஆனால் உள்பக்கம் வையுங்கள். மேல்மாடியிலிருந்து தொட்டி விழுந்தால் விபரீதம். செப்டம்பர், அக்டோபர் மழையில் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள்.

பக்கத்துத் தொட்டியில் அம்மாவின் கற்பூரவள்ளி, எதுவும் கேட்காமல் தழைக்கிறது. இரண்டையும் கசக்கி முகர்ந்தால் வாசம் ஏறக்குறைய ஒன்று. தைமால், கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள்கள் இரண்டிலும் உண்டு. தைம் நான்காவது மாதத்தில் இருக்கிறது. கோழி வறுவலுக்கு இரண்டு கிளை கிள்ளினேன், அம்மா பார்க்காதபோது.