அடித்தால் பழகாது... பயப்படத்தான் செய்யும்! நாய்க்குட்டி வளர்ப்பில் முதல் மாதப் பாடங்கள்

"ஒரு மாசம் டைம் தர்றேன். அதுக்குள்ள இந்த ஊளைச் சத்தமும், மாடிப்படி அசிங்கமும் நிக்கலைன்னா குட்டி இங்க இருக்கக் கூடாது!"

வீட்டு ஓனர் சொல்லிவிட்டுப் படியிறங்கியபோது, எங்கள் மிக்சர் சோஃபாவுக்கு அடியிலிருந்து எட்டிப்பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. ஒரு மழைநாளில் தெருமுனையிலிருந்து தங்கை தூக்கிவந்த இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டி அது. வந்த முதல் வாரத்தில் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு.

அது ஹாலில் சிறுநீர் கழித்தால், அப்பா செய்தித்தாளைச் சுருட்டி 'பட்'டென்று ஒன்று வைப்பார். நான்கே நாளில் மிக்சர் பாடம் கற்றுக்கொண்டது. ஹாலில் போவதை நிறுத்திவிட்டு, யாரும் பார்க்காதபோது கட்டிலுக்குப் பின்னால் போக ஆரம்பித்தது!

தடுப்பூசி போடப்போன இடத்தில் கால்நடை மருத்துவரிடம் புலம்பினோம். அரை மணி நேரத்துக்கு முன்னால் செய்ததற்கு இப்போது அடித்தால், எதற்கு அடி என்று குட்டிக்குப் புரியாது. 'இவர் வந்தால் ஆபத்து' என்று மட்டும்தான் புரியும் என்றார். எந்தச் செயலுக்குப் பலன் கிடைக்கிறதோ, அதைத்தான் நாய் திரும்பத் திரும்பச் செய்யும். பயிற்சியின் அடிப்படையே இதுதான். அங்கிருந்துதான் நாங்கள் மறுபடி தொடங்கினோம்.

கடிகாரம் பார்க்க வேண்டியது நாம்தான்!

இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை அதிக நேரம் அடக்க முடியாது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளியே விட வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கண்டிப்பாகப் போகும். தரையை மோந்துகொண்டே சுற்ற ஆரம்பித்தால் உடனே தூக்குங்கள்.

தினமும் ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்களுக்கு அது மொட்டைமாடியின் ஒரு மூலை. போய் முடித்த அடுத்த நொடியே பாராட்டி, ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். தப்பித்தவறி வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாமல், வாசனை கொஞ்சமும் மிஞ்சாதபடி கழுவிவிடுங்கள். வாசனை இருந்தால் அதே இடத்தைத் தேடி வரும். ஃபினாயில் வேண்டாம். தரையில் நடந்த பாதத்தைக் குட்டி நக்கும் என்பதால் அது ஆபத்து.

பெயரைச் சொன்னால் நல்லதுதான் நடக்கணும்

'மிக்சர்' என்று கூப்பிடுவோம். திரும்பிப் பார்த்ததும் அவித்த கோழியில் ஒரு சின்னத் துண்டு. சைவ வீடுகளில் பனீரோ, வேகவைத்த கேரட்டோ போதும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மட்டும் கூடவே கூடாது. இவை நாய்க்கு விஷம்.

பெயர் பழகியபின் 'உட்கார்'. தின்பண்டத்தை மூக்கருகே காட்டி, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். தலை நிமிரும், பின்புறம் தானாகத் தரையைத் தொடும். தொட்ட நொடியில் 'சரி' சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை போதும்.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். திட்டுவதற்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. ஒருநாள் கயிற்றை உருவிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினால், அதன் உயிரைக் காப்பாற்றப்போவது அந்தக் கூப்பிடு குரல்தான்.

கடிக்கிறதே!

குட்டி கடிப்பது கோபத்தால் இல்லை. அதுதான் அதன் விளையாட்டு. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும்போது ஈறும் குறுகுறுக்கும். கையை வெடுக்கென்று இழுத்தாலோ, கத்தினாலோ விளையாட்டு சூடுபிடித்ததாக நினைக்கும். பல் பட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, அரை நிமிடம் கண்டுகொள்ளாமல் இருங்கள். பிறகு கடிக்க ஒரு பொம்மை கொடுங்கள். பழைய செருப்பு வேண்டாம். பழசு எது, புதுசு எது என்று அதற்குத் தெரியாது.

ஊளை எப்படி நின்றது?

ஓனரின் பெரிய புகார் இதுதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் மிக்சர் தெருவே அதிர ஊளையிடும். அதனால் தனியாக இருப்பதையும் ஒரு பாடமாகவே பழக்கினோம். முதலில் கதவைச் சாத்திவிட்டு, அது அழுவதற்கு முன்பே அரை நிமிடத்தில் திரும்பினோம். பிறகு இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், கால் மணி நேரம். போகும்போது கொஞ்சலும் இல்லை, வரும்போது ஆர்ப்பாட்டமும் இல்லை. சாவிச்சத்தம் கேட்டாலே பதறியதால், எங்கும் போகாமலே சாவியை எடுத்து எடுத்து வைத்தோம்.

மூன்றாவது வாரத்திலிருந்து தொடங்கி, மூன்று, மூன்றரை மாத வயதுவரை குட்டிகள் புதியவற்றை எளிதாக ஏற்றுக்கொள்ளும். குக்கர் விசில், மிக்ஸி, ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர், குழந்தைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து நிதானமாக அறிமுகப்படுத்துங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காமல், கையில் தூக்கிக்கொண்டு காட்டலாம்.

வீட்டுக்கே ஒரே வார்த்தை

அம்மா 'உக்காரு' என்பார், தங்கை 'சிட்' என்பாள், அப்பா 'ஏய், அடங்குடா' என்பார். பாவம், அது யார் பேச்சைக் கேட்கும்? எல்லோரும் சொல்ல வேண்டிய வார்த்தைகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். சாப்பாட்டு மேஜையிலிருந்து யாரும் எதுவும் போடக் கூடாது என்பதும் அதில் உண்டு. அந்த விதியை அதிகம் மீறுபவர் தாத்தா!

பொறுமை இல்லாமல் குட்டியைத் தெருவில் விட்டுவிடும் வீடுகளும் உண்டு. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள்.

ஒரு மாதம் கழித்து ஓனர் வந்தார். மிக்சர் ஓடிப்போய் அவர் முன்னால் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. "சத்தம் குறைஞ்சிருக்கு... இருக்கட்டும்" என்றார்.

இன்னமும் வாரத்துக்கு ஒருமுறை ஹால் நனைகிறது. ஆனால், அப்பா இப்போது செய்தித்தாளைப் படிப்பதற்கு மட்டும்தான் எடுக்கிறார். அவர் பேப்பரோடு உட்கார்ந்தால், காலடியில் வந்து படுத்துக்கொள்கிறது மிக்சர்.