பேசிக்கொண்டே ஓடுங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னை மாரத்தானில் 32ஆவது கிலோமீட்டரைத் தொட்டிருந்தேன். தண்ணீர் மேசைக்குப் பின்னால் நின்ற கல்லூரி மாணவி, “அக்கா, தண்ணி வேணுமா?” என்று கேட்டாள். கேள்வி காதில் விழுந்தது. பதில் சொல்ல நாக்கு எழவில்லை. தொடைகள் கல்லாய்க் கனத்தன. சற்று முன்புவரை ஓடிக்கொண்டிருந்தவள், அந்த மேசையைத் தாண்டியதும் நடக்கத் தொடங்கினேன். முதல் பாதியை 2 மணி 12 நிமிடத்தில் முடித்த எனக்கு, இரண்டாம் பாதிக்கு 2 மணி 56 நிமிடம் ஆனது.

மனஉறுதி போதவில்லை என்றுதான் பல நாள் நினைத்து வருந்தினேன். ஓட்டத்தின் உடலியங்கியலைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது: அன்று தீர்ந்துபோனது உறுதி இல்லை, மாவுச்சத்து. அதை அத்தனை சீக்கிரம் தீர்த்துவிடும் உடலைத்தான் ஓராண்டாக நான் பழக்கி வைத்திருந்தேன்.

கையிருப்பும் செலவும்

ஒரு கிலோ உடல் எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் ஓடிக் கடத்த ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். என் எடை 58 கிலோ. 42.195 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2,450 கிலோகலோரி வரும். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. தசைகளில் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,000 கிலோகலோரி. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தசைக்குள் போன கிளைகோஜன் அந்தத் தசைக்கு மட்டுமே பயன்படும். கையில் இருப்பதைக் காலுக்குக் கடன் வாங்க முடியாது. ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுக்கக்கூடியது கல்லீரல். மூளையும் அதை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் அந்த இருப்பு குறையும்போது கால் மட்டும் தளர்வதில்லை, மனமும் சேர்ந்து இருண்டுபோகிறது.

இந்தத் தூரம் எங்கிருந்து வந்தது? 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தான் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்த இடத்துக்கு எதிரே முடிந்தது. அந்தத் தூரமே 1921இல் நிலையான மாரத்தான் தூரமானது. உடலைப் பற்றி யோசித்து யாரும் அதை வகுக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலோருக்குக் கையிருப்பு தீரும் இடம், முடிவுக்கோட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் வந்து விழுகிறது. ஓட்டக்காரர்கள் அந்த இடத்தைச் ‘சுவர்’ என்கிறார்கள்.

1924இல் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். வெளிறி, தள்ளாடி, குழம்பி வந்து சேர்ந்தவர்களின் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. மறு ஆண்டு, ஓட்டத்துக்கு முந்தைய நாள் மாவுச்சத்து மிகுந்த உணவையும் ஓடும்போது மிட்டாயையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓடியவர்கள் தெளிவாக வந்து சேர்ந்தார்கள். ‘சுவர்’ என்பது ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய ஒன்று என்பதற்கு அது முதல் சான்றுகளில் ஒன்று.

மாவுச்சத்துக்கு மாற்றாக உடலில் கொழுப்பு இருக்கிறது. ஒல்லியான ஒருவரிடமும் பல மாரத்தான்களுக்குப் போதுமான அளவு இருக்கும். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். அதே ஆற்றலைத் தர ஆக்சிஜனும் சற்றுக் கூடுதலாக வேண்டும். வேகம் கூடக்கூட உடல் கொழுப்பைக் குறைத்து மாவுச்சத்தை அதிகம் எடுக்கும். முதல் பாதியில் நான் சேமித்ததாக நினைத்த நிமிடங்களெல்லாம் இந்த இருப்பிலிருந்து எடுத்தவை.

செருப்புத் தொழிலாளி கண்ட வழி

அடுத்த செப்டம்பரில் ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே மூத்தவர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பிறகு, அதுவரை நான் எப்படி ஓடினேன் என்று கேட்டார். தினமும் மூச்சு வாங்க ஏழெட்டு கிலோமீட்டர் ஓடுவேன் என்றேன்.

“ஏம்மா, தினம் பரீட்சை எழுதினா எப்பப் படிப்பே? பேசிக்கிட்டே ஓடு. பேச முடியலேன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.”

“அவ்ளோ மெதுவா ஓடினா வேகம் எப்படி சார் வரும்?”

“வரும். மார்கழி வரைக்கும் பொறு.”

அவர் சொன்னதை உலகுக்குக் காட்டியவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு. ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எவ்வளவு ஓடினால் உடல் தாங்கும் என்று தன் உடலிலேயே சோதித்துப் பார்த்துப் பயிற்சி முறையை வகுத்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல், 800 மீட்டர் ஓட்டக்காரர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் போட்டி அது. அவரையும் வாரம் ஒருமுறை 35 கிலோமீட்டர் நிதானமாக ஓடவைத்தார் லிடியார்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வென்றார். அதே குழுவின் முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரில் தங்கம், பாரி மகீ மாரத்தானில் வெண்கலம். ஸ்னெல் பின்னாளில் அமெரிக்காவில் உடற்பயிற்சி உடலியங்கியலில் முனைவர் பட்டம் பெற்று ஆய்வாளரானார். தன்னை ஜெயிக்கவைத்தது எது என்று அறிய வாழ்வின் மறுபாதியைச் செலவிட்ட மனிதர்.

அந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி 1967இல் கிடைத்தது. அமெரிக்காவின் ஜான் ஹாலோசி எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டு அவற்றின் தசைகளை ஆராய்ந்தார். செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் அடுப்பு மைட்டோகாண்ட்ரியா. ஓடிப் பழகிய எலிகளின் தசையில் அதன் திறன் கிட்டத்தட்ட இரு மடங்காகியிருந்தது. அடுப்புகள் பெருகினால் அதே வேகத்தில் ஓடும்போது கொழுப்பின் பங்கு கூடும், கிளைகோஜன் மிச்சமாகும். கூடவே தசை இழைகளைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவும் உயரும். இவையெல்லாம் நீண்ட நேர உழைப்புக்கு உடல் தரும் பதில். மூச்சு வாங்க ஓடினால் அவ்வளவு நேரம் ஓட முடியாது. ஓடினாலும் மறுநாள் எழ முடியாது. பேச்சு தடைபடாத வேகத்தில் வாரத்துக்கு 50 கிலோமீட்டர் கூட எளிதில் சேரும்.

வாரத்தில் நான்கு நாள் ஓடினோம். செவ்வாயும் சனியும் நிதானம். வியாழக்கிழமை மட்டும் அரை மணி நேரம், ஓரிரு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகம். தசையில் லாக்டேட் என்ற பொருள் உருவாகும் வேகமும் அதைப் பயன்படுத்தித் தீர்க்கும் வேகமும் சமமாக நிற்கும் விளிம்பு அது. லாக்டேட்டைக் கழிவு என்றும் விஷம் என்றும் பலகாலம் சொல்லிவந்தார்கள். ஒரு தசை வெளியேற்றும் லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்று 1980களில் கலிஃபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் விளக்கினார். அந்த விளிம்பைப் பயிற்சியால் மெல்ல மேலே தள்ளலாம்.

ஞாயிறு ‘லாங் ரன்’. திருவான்மியூரில் தொடங்கி கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் தாண்டிப் போய்த் திரும்புவோம். செப்டம்பரில் 14 கிலோமீட்டர். டிசம்பர் நடுவில் 32.

எலும்பின் நாட்காட்டி

அக்டோபரில் மூச்சு பழகிவிட்டது. இன்னும் ஓடலாம் என்று உடம்பே சொன்னது. ஒரே வாரத்தில் 12 கிலோமீட்டர் கூட்டினேன். அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பில் தொட்டாலே வலித்தது.

உடலின் பாகங்கள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ரத்த அளவு சில நாட்களில் கூடிவிடும். மைட்டோகாண்ட்ரியா சில வாரங்களில் பெருகும். ரத்த ஓட்டம் குறைந்த தசைநாண்களுக்கு மாதங்கள் வேண்டும். எலும்பு இன்னும் நுட்பமானது: அதிர்ச்சியைத் தாங்கும் இடத்தில் பழைய எலும்பை முதலில் அரித்தெடுத்துவிட்டு, பிறகுதான் புதியதைக் கட்டும். அரித்ததற்கும் கட்டுவதற்கும் இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அப்போது சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் மயிரிழை விரிசல் விழும். புதிதாக ஓட வருபவர்கள் இரண்டாம், மூன்றாம் மாதத்தில் காயப்படுவதன் காரணம் இதுதான். இதயமும் நுரையீரலும் தயாராகிவிடுகின்றன. எலும்பு இன்னும் வேலையை முடித்திருக்காது.

பத்து நாள் ஓடவில்லை. அதன்பின் மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து ஓடினோம். குறைத்த அந்த வாரங்களைச் சோம்பல் என்று இப்போது நினைப்பதில்லை. பயிற்சி என்பது உடலுக்குக் கொடுக்கும் கட்டளை. கட்டுமானம் நடப்பது ஓய்விலும் தூக்கத்திலும்.

சொட்டும் வியர்வை குளிர்விக்காது

தசை தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் கால்பங்குக்கு மேல் இயக்கமாக மாற்றுவதில்லை. மீதி வெப்பம். என் வேகத்தில் மணிக்கு 400 கிலோகலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோகலோரியைக் கொண்டுபோகும். ஆவியானால் மட்டுமே. சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாக வழியில்லாமல் சொட்டுகிறது. சொட்டிப்போனது உடலைக் குளிர்விக்காது. தோலைக் குளிர்விக்க இதயம் அங்கேயும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்தில் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஆறுதலான செய்தி, உடல் வெயிலுக்கும் பழகும். பத்துப் பதினான்கு நாள் வெப்பத்தில் ஓடினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. செப்டம்பர் புழுக்கத்தில் பழகிய உடல், மழைக்காலம் ஓய்ந்து மார்கழிக் குளிர் வந்ததும் லேசாகிவிட்டது. வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவர்களைச் சுற்றி விலகி ஓடிய ஒரு விடியலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதே மூச்சு, அதே நாடித்துடிப்பு. கிலோமீட்டருக்கு முப்பது விநாடி குறைந்திருந்தது. பெரியவர் சொன்ன மார்கழி.

தண்ணீரிலும் அளவு வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பான எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. அவர்களில் பலர் வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடம் இது அதிகம் தெரிந்தது. ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் நம் வியர்வையின் அளவு தெரிந்துவிடும். குடிப்பது அதைத் தாண்டக் கூடாது.

ஒரு சைக்கிள், இரண்டு கால்கள்

ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில் சோறு நிறையச் சாப்பிடச் சொல்வதற்குப் பின்னால் ஓர் அழகான சோதனை இருக்கிறது. 1966இல் சுவீடனின் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே உடற்பயிற்சிச் சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள். மிதித்த கால் முற்றிலும் சோர்ந்தபின் மூன்று நாள் மாவுச்சத்து உணவு உண்டார்கள். ஊசியால் இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் கிளைகோஜன் ஓய்ந்திருந்த காலைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. சாப்பாடு இரண்டு காலுக்கும் ஒன்றுதான். உழைத்த தசைதான் அதை வாங்கிச் சேமித்துக்கொண்டது.

கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்தோம். ‘டேப்பர்’ என்று குழுவில் சொல்வார்கள். கடைசி இரண்டு நாள் இட்லி, சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம். எண்ணெயும் நார்ச்சத்தும் குறைவு. ஒரு கிராம் கிளைகோஜனுடன் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் சேரும் என்பதால் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடியது. அந்தக் கனம் சேமிப்பின் கனம் என்று தெரிந்திருந்ததால் பதறவில்லை. ஓடும்போது மணிக்கு 45 கிராம் மாவுச்சத்து: அரை மணிக்கு ஒருமுறை ஜெல் அல்லது பேரீச்சம்பழம். வயிறும் பழக வேண்டிய உறுப்பு என்பதால், அக்டோபரிலிருந்தே ஞாயிறுகளில் இதைத் தின்று பழகியிருந்தேன்.

மீண்டும் 32

மறு ஆண்டின் சென்னை மாரத்தான். அதிகாலை 4 மணி, நேப்பியர் பாலம். கூட்டம் சீறிக் கிளம்பியது. நான் பக்கத்தில் ஓடியவருடன் பேசிக்கொண்டே போனேன். முதல் பத்து கிலோமீட்டரில் நூற்றுக்கணக்கானவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். பாதித் தூரம், 2 மணி 20 நிமிடம். முந்தைய ஆண்டைவிட எட்டு நிமிடம் தாமதம்.

வெயில் ஏறியது. 30ஐத் தாண்டியதும் தொடைகள் கனத்தன; வலி இல்லாத மாரத்தான் எதுவும் இல்லை. ஆனால் கால் நிற்கவில்லை. இரண்டாம் பாதியை 2 மணி 22 நிமிடத்தில் முடித்தேன். மொத்தம் 4 மணி 42 நிமிடம்.

அந்த நேரத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது 32ஆவது கிலோமீட்டரில் நடந்தது. தண்ணீர் மேசையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து கேட்டாள்: “அக்கா, தண்ணி வேணுமா?”

“வேணாம்மா, போன டேபிள்லயே குடிச்சிட்டேன். நீ ஏதாச்சும் சாப்பிட்டியா?” என்றேன், ஓடிக்கொண்டே.