அறுபது வயதில் அக்கரை உத்தியோகம்!

வெளிநாட்டில் அரசாங்க வேலை என்றால் வீட்டில் சந்தோஷம்தான். கூடவே கவலையும் வரும். புது ஊர், புது பாஷை, எப்படிச் சமாளிப்பது?

கொங்கு நாட்டுப் பெரியவர் ஒருவருக்கு அந்த வேலை அறுபது வயதில் வந்தது!

அவர்தான் டாக்டர் சுப்பராயன். திருச்செங்கோடு பக்கத்தில் உள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல்-மந்திரி. பிறகு ராஜாஜி, ஓமந்தூரார் மந்திரிசபைகளிலும் இருந்தவர்.

புது நாடு, புது வேலை

1949-ல் அவர் இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதர் ஆனார். டச்சுக்காரர்கள் அந்த நாட்டை ஒப்படைத்ததே அந்த ஆண்டு டிசம்பர் 27-ந்தேதிதான். தூதரும் புதியவர், அரசாங்கமும் புதியது!

சென்னையில் உத்தரவு போட்டவர் அவர். தூதரோ சொந்த உத்தரவு எதுவும் போட முடியாது. டெல்லி சொல்வதை அங்கே சொல்லவேண்டும். அங்கே நடப்பதை டெல்லிக்கு எழுதவேண்டும். அதற்கும் மனம் பழகவேண்டும் அல்லவா?

1950 ஜனவரி 26-ந்தேதி, நம் முதல் குடியரசு தின விழாவுக்குச் சுகர்ணோ வந்தார். ஜூன் மாதம் நேரு இந்தோனேசியா போனார். இரு நாட்டு உறவும் வளர்ந்தது.

கப்பலும் கடையும்

அந்த நாட்டில் கப்பலை "கபல்" என்கிறார்கள். கடையை "கெடை" என்கிறார்கள். இரண்டும் தமிழிலிருந்து போன சொற்கள். அக்கரையிலும் நம் பேச்சு கொஞ்சம் காத்திருந்தது!

1951-ல் அந்தப் பதவி முடிந்தது. பின்னர் மத்திய மந்திரியானார். 1962-ல் மராட்டிய மாநில கவர்னரானார்.

முதல்-மந்திரியாக இருந்தவரே அறுபதில் புது வேலை பழகினார். இருபதில் போகும் பிள்ளைக்குப் பயம் எதற்கு?