கப்பலுக்குப் பிரசவமா?

இன்னைக்கு எபிசோடு, நான் வாங்கின ஒரு பல்புல இருந்து ஆரம்பிக்குது.

தூத்துக்குடியில ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு. 'கப்பலுக்கு நாளைக்கு பெர்த் கிடைக்கும்'னு வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு மெயில் போடணும். போட்டேன். 'ஈ' வர வேண்டிய இடத்துல 'ஐ' போட்டுட்டேன். அதாவது, கப்பலுக்கு நாளைக்குப் பிரசவம்! மறுநாள் ஆபீஸே 'ஆணா, பொண்ணா?'ன்னு கேட்டுச்சு. ரெண்டும் சரியான வார்த்தைதானே, ஸ்பெல் செக் கண்டுக்கவே இல்ல.

இப்ப எனக்கு மறக்காது. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல நாம படுக்கிற லோயர் பெர்த்தும், கப்பல் நிக்கிற பெர்த்தும் ஒரே வார்த்தை: பி-ஈ-ஆர்-டி-ஹெச். ரெண்டுமே இடம். 'ஐ' வந்தா பிறப்புச் சான்றிதழ்.

அடுத்தது டிராஃப்ட். மேனேஜர் 'டிராஃப்ட் அனுப்புப்பா'ன்னா எதைக் கேக்குறார்? ஒண்ணு, ஆவணத்தோட வரைவு. இன்னொண்ணு, கப்பல் தண்ணிக்குள்ள எத்தனை மீட்டர் அமிழ்ந்திருக்குங்கிற அளவு. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்ல இந்த ரெண்டாவதுக்கு 'எஃப்' கிடையாது, 'யூ-ஜி-ஹெச்' வரும். உச்சரிப்பு ஒண்ணுதான். அமெரிக்காவில ரெண்டுக்கும் 'எஃப்'தான். அதனால பக்கத்துல மீட்டர் இருக்கான்னு பாருங்க. இதுல தப்பு நடந்தா சிரிச்சுட்டுப் போக முடியாது. பெர்த்துல இருக்கிற ஆழத்தைவிட கப்பல் அதிகமா அமிழ்ந்திருந்தா, தரை தட்டிடும்.

மூணாவது, க்யூ-யூ-ஏ-ஒய். பார்த்தா 'குவே'ன்னு படிக்கத் தோணும். ஆனா உச்சரிப்பு 'கீ'. கப்பலை ஒட்டி நிறுத்தி சரக்கு ஏத்தி இறக்குற துறைமுக மேடை அது. யாராவது 'கீ பக்கம் வா'ன்னா சாவியைத் தேடாதீங்க!

இதுல குழம்புறதுக்கு வெட்கமே வேண்டாம். தமிழ்லயும் இப்படி இருக்கே. மன்னார் வளைகுடாவுல முத்துச்சிப்பி வளர்ற கடலடித் திட்டுக்குப் பேரு 'பார்'. இந்தக் கடற்கரையில 1961-லதான் கடைசியா முத்துக்குளிப்பு நடந்துச்சு. உலகமும் 'பார்'தான், கண்ணால பாக்கச் சொல்றதும் 'பார்'தான். ஆனா நாம குழம்புறதில்ல. ஏன்னா, பக்கத்து வார்த்தைங்க அர்த்தத்தைச் சொல்லிடுது.

இங்கிலீஷ்லயும் அதேதான். காதை மட்டும் நம்பாதீங்க, பக்கத்து வார்த்தையைப் பாருங்க. 'சென்ட்' அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை. நான் பார்க்கல, கப்பலுக்குச் சீமந்தம் வரைக்கும் போயிடுச்சு!