மலைச்சாலையில் மோட்டார் சைக்கிள்: குழாயில் புகும் காற்று

வண்டிப்பெரியாரிலிருந்து கிழக்கே குமுளியைக் கடந்தால் லோயர் கேம்ப் வரை இறக்கம். மேற்கே பீர்மேடு ஏறி, குட்டிக்கானம் தாண்டினால் முண்டக்கயம் வரை இறக்கம். கம்பம், தேனி என்று சொந்த ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போய் வரும் தோட்டத் தொழிலாளருக்கும் குமாஸ்தாவுக்கும் இந்த வளைவுகளில் உயிர்த்துணை இரண்டு லிவர்கள்தாம். இடக்கையில் கிளட்ச், வலக்கையில் பிரேக்.

சாதாரண வண்டிகளில் கிளட்ச் கேபிளால் இயங்குகிறது. தளர்ந்தால் திருகி இறுக்கிவிடலாம். விலை கூடிய சில வண்டிகளில் கேபிளுக்குப் பதில் ஆயில் குழாய் உண்டு. டிஸ்க் பிரேக்கும் ஆயிலில் இயங்குவதுதான். மூடிய குழாயிலுள்ள திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் மறுமுனைக்குக் குறையாமல் செல்லும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்று புகுந்தால் கையின் விசை அதைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடுகிறது. லிவர் பஞ்சுபோல் அமுங்குகிறது. கிளட்ச் என்றால் கியர் சரியாக விழாது, நியூட்ரல் கிடைக்காது. பிரேக் என்றால் சொல்லவே வேண்டாம்.

காற்றை எடுக்கும் வேலைக்குப் பொறுமைதான் முக்கியக் கருவி. ஆயில் டப்பா மட்டமாக நிற்கும்படி ஹாண்டிலைத் திருப்பி, மூடியைக் கழற்றிப் புது ஆயில் ஊற்ற வேண்டும். கீழே உள்ள நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூபைச் செருகி, அதன் மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்க வேண்டும். லிவரை நாலைந்து முறை மெதுவாக அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் குமிழிகளோடு ஆயில் வரும். நிப்பிளை மூடிய பிறகே லிவரை விட வேண்டும். முந்தி விட்டால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். குமிழி நிற்கும்வரை இப்படியே. இடையில் டப்பா வற்றிவிட்டால் பாடுபட்டதெல்லாம் பாழ். சிந்திய ஆயில் பெயிண்டை அரிக்கும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுவது நல்லது.

எந்த ஆயில் என்பது டப்பாவின் மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரமேறினால் கொதிநிலை 155 டிகிரி வரைகூட இறங்கிவிடும். சில கிளட்சுகளுக்கு மினரல் ஆயில்தான். அதில் டாட் 4 ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். என்ஜின் தடுக்காததால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. சூட்டில் பழைய ஆயில் கொதித்து ஆவியானால், அதுவும் காற்றைப் போலவே சுருங்கும். மேலே குட்டிக்கானத்தில் நன்றாகப் பிடித்த லிவர் பாதி இறக்கத்தில் கைப்பிடியைத் தொட்டுவிடும். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குவதே பத்திரம்.

காற்று எடுத்த சில நாளிலேயே லிவர் மீண்டும் தளர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. சீலையும் குழாய் மூட்டுகளையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளுக்குக் காற்று எடுக்கத் தனி மெஷின் தேவைப்படும். அதற்குக் கம்பெனி சர்வீஸ்தான் வழி.